பங்குனியில் வந்த வஸந்தம்: ருதுக்களின் தொடக்கமும் முடிவும்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

2025ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 6ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, ஸ்ரீராமநவமி. ஓசூரில் ஓர் அன்பர் திருமாளிகையில் திருவாராதனத்துக்கு அடியேனும் சென்றிருந்தேன். அந்த அன்பர் கும்பகோணத்துப் பக்கத்தினர். தொழிற்பேட்டையில் வேலை கிடைத்து இளவயதில் ஓசூருக்கு வந்து, பணி ஓய்வு பெற்றபின்னும் அங்கேயே தங்கிவிட்டவர். அவருடைய மாப்பிள்ளையின் குடும்பம் ஜூஜூவாடியைக் கடந்து அத்திபெலேக்கு அப்பால் கன்னடநாட்டில் வாழ்வது. அன்று மாமனாரும் மாப்பிள்ளையும் ஒரே பெருமாள் முன்பு அமர்ந்து ஸங்கல்பம் செய்தார்கள். பெரியவர் “சிசிர ருதௌ, மீந மாஸே” என்றார். மாப்பிள்ளை “வஸந்த ருதௌ, சைத்ர மாஸே” என்றார். இருவரும் நிமிர்ந்து ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“மாப்பிள்ளை, இன்னும் பங்குனி முடியவில்லையே. வஸந்தம் எப்படி வந்தது?” என்றார் பெரியவர்.

“எங்களுக்கு உகாதியன்றே வஸந்தம் பிறந்துவிட்டது, மாமா” என்றார் அவர்.

தளிகை அமுது செய்தபின் பெரியவர் அடியேனைத் தனியே அழைத்துக் கேட்டார்: “ஸ்வாமி, சக்கரவர்த்தித் திருமகன் வஸந்தத்தில் அவதரித்தான் என்றுதானே ஸ்ரீராமாயணம் சொல்லுகிறது? முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பங்குனியில் வரும் நவமிகளிலெல்லாம் அடியேன் சிசிரம் என்று சொல்லி வந்திருக்கிறேன். அத்தனையும் பிழையாகப் போயிற்றா? தேவரீர் சாதிக்கவேண்டும்.”

அவர் குரலில் இருந்த அச்சம் மெய்யானது. எல்லைப்புறத்தில் வாழும் அடியார்கள் பலருக்கும், கடல் கடந்து பல தேசத்தவரோடு கூடி வாழும் அடியார்களுக்கும், இவ்வையம் எழுவதுண்டு. ஆகையால் அன்று அவரிடம் விண்ணப்பித்ததைச் சற்று விரித்து இங்கே எழுதுகிறேன்.

இரண்டு கணக்குகள்

ஆண்டை அளக்கும் முறை நம் நாட்டில் இரண்டாக வழங்குகிறது. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் வழங்குவது சௌரமானம். சூரியன் ஒரு ராசியில் புகுவது முதல் அடுத்த ராசியில் புகுவது வரை ஒரு மாதம். மேஷத்தில் புகுந்தால் சித்திரை, மீனத்தில் இருந்தால் பங்குனி. கன்னடநாட்டிலும் தெலுங்குநாட்டிலும் பெரும்பாலும் வழங்குவது சாந்த்ரமானம். அமாவாஸ்யைக்கு மறுநாள் பிரதமை முதல் அடுத்த அமாவாஸ்யை வரை ஒரு மாதம். எந்தச் சாந்த்ர மாதத்துக்குள் சூரியன் மேஷத்தில் புகுகிறானோ, அந்த மாதத்துக்குச் சைத்ரம் என்று பெயர்.

இந்த இலக்கணத்தைக் கவனித்தால் ஒன்று விளங்கும். மேஷ ஸங்க்ரமணம் சைத்ரத்தின் உள்ளே நிகழ்வது. எனவே சைத்ரம் தொடங்கும் உகாதி, சித்திரை முதல் நாளுக்கு முந்தியே வரும். எவ்வளவு முந்தும் என்பது ஆண்டுதோறும் மாறும். 2024இல் உகாதி ஏப்ரல் 9. சித்திரைப் பிறப்பு ஏப்ரல் 14. இடைவெளி 5 நாள். 2025இல் உகாதி மார்ச் 30. இடைவெளி 15 நாள். 2026இல் உகாதி மார்ச் 19. இடைவெளி 26 நாள். பன்னிரண்டு சாந்த்ர மாதங்கள் சூரிய ஆண்டைவிட ஏறத்தாழ 11 நாள் குறைந்தவை. அதனால் உகாதி ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் பின்வாங்குகிறது. ஏறத்தாழ முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று மாதங்களுக்கு ஒருமுறை அதிக மாஸம் ஒன்று வந்து அதனை மீட்டுக் கொடுக்கிறது. 2026இல் வரும் அதிக ஜ்யேஷ்டம் அத்தகையதே. அதனால் 2027இல் உகாதி மீண்டும் ஏப்ரல் 7க்குச் சென்றுவிடும்.

இந்த இடைநாள்களில் ஓசூர் போன்ற ஊரில் ஒரே தெருவில் இரண்டு ஆண்டுகள் நடக்கும். 2025 மார்ச் 30 முதல் ஏப்ரல் 13 வரை ஒரு வீட்டில் விச்வாவஸு. அடுத்த வீட்டில் இன்னும் க்ரோதி. ஒரு வீட்டில் வஸந்தம். அடுத்த வீட்டில் சிசிரம். திதியும் வாரமும் நட்சத்திரமும் மட்டும் இரண்டு வீட்டுக்கும் ஒன்றே.

ஆறு ருதுக்கள்

வேதம் ருதுக்களை ஆறாகவும் மாதங்களை இரண்டிரண்டாகவும் வகுக்கிறது. தைத்திரீய ஸம்ஹிதையில் வஸந்தத்தின் இரு மாதங்களுக்கு மது, மாதவம் என்று பெயர். அடியார்களுக்கு அப்பெயர்கள் இனிமையானவை என்று சொல்லவும் வேண்டுமோ? பிற்காலத்தில் சைத்ரம், வைசாகம் என்ற பெயர்கள் அவற்றின் இடத்தில் வழங்கின.

தமிழ் ஸங்கல்ப வழக்கில் ருதுக்கள் இவ்வாறு அமையும். சித்திரை, வைகாசி வஸந்தம். ஆனி, ஆடி க்ரீஷ்மம். ஆவணி, புரட்டாசி வர்ஷம். ஐப்பசி, கார்த்திகை சரத். மார்கழி, தை ஹேமந்தம். மாசி, பங்குனி சிசிரம். தொல்காப்பியத்துக்கு உரை கண்டவர்கள் இளவேனில், முதுவேனில், கார், கூதிர், முன்பனி, பின்பனி என்னும் ஆறுக்கும் இதே மாதங்களைக் கொடுத்திருக்கிறார்கள். நச்சினார்க்கினியர் ஆண்டின் தொடக்கத்தையே ஆவணியில், அதாவது சிங்க ராசியில் வைத்துக் காரை முதலாகக் கூறுகிறார். ஆகவே பெரியவர் சொன்ன சிசிரம் அவர் புதிதாகக் கண்டதன்று. நெடிய தமிழ் வழக்கு.

சாந்த்ரமானத்திலும் வஸந்தம் சைத்ரமும் வைசாகமுமே. மாதங்களின் பெயர் ஒன்று, ருதுவின் பெயர் ஒன்று. மாதம் தொடங்கும் இடம் மட்டுமே வேறு. சூர்ய ஸித்தாந்தம் என்னும் ஜ்யோதிஷ நூலோ மகரத்திலிருந்து சிசிரத்தைத் தொடங்குகிறது. அதன்படி மீனமும் மேஷமும் வஸந்தம். பங்குனியில் தொடங்கிச் சித்திரைக்குள் நீளும் சைத்ரத்துக்கு இக்கணக்கு அண்மையில் நிற்பதைக் காணலாம்.

இன்னொரு செய்தியும் உண்டு. பகலும் இரவும் ஒத்து நிற்கும் நாள் மார்ச் 20, 21. நம் மேஷ ஸங்க்ரமணம் ஏப்ரல் 14. அயன சலனத்தால் இவ்விரண்டும் ஏறத்தாழ 72 ஆண்டுகளுக்கு ஒரு நாள் வீதம் விலகிக்கொண்டே வருகின்றன. இந்திய அரசு மேகநாத ஸாஹாவைத் தலைவராகக் கொண்டு 1952இல் ஒரு குழுவை அமைத்து, அதன் பரிந்துரைப்படி 1957 மார்ச் 22 முதல் தேசிய நாட்காட்டியை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதில் சைத்ர முதல் நாள் மார்ச் 22; லீப் ஆண்டில் மார்ச் 21. நம் அனுஷ்டானத்தை அது மாற்றவில்லை. ஆனால், ருதுவின் எல்லை வானத்தில் ஒரு கோடாக எழுதப்பட்டிருக்கவில்லை என்பதற்கு இதுவும் சான்று.

மேட்டுநிலத்தின் சாட்சி

கணக்கை விட்டு மண்ணைப் பார்ப்போம். தஞ்சைத் தரணியில் பிறந்தவருக்குக் கார் என்பது ஏட்டில் ஒன்று, கண்ணில் ஒன்று. அங்கே பெருமழை ஐப்பசி, கார்த்திகையில் வருவது. ஸங்கல்பத்திலோ அது சரத். ஓசூர், கிருஷ்ணகிரி மேட்டுநிலத்துக்கு வந்தால் தென்மேற்குப் பருவமழையும் எட்டுகிறது, வடகிழக்குப் பருவமழையும் எட்டுகிறது. ஆவணி, புரட்டாசியிலேயே தென்பெண்ணையில் புதுப்புனல் காணலாம். வர்ஷ ருது என்று சொல்லும்போதே மழை பெய்கிற ஊர் இது.

தை, மாசியில் கிருஷ்ணகிரி மாந்தோப்புகள் பூக்கின்றன. மாசி, பங்குனியில் மலையடிவாரக் காடுகளில் பலாச மரம் இலையுதிர்த்துச் செம்மலர் சூடுகிறது. பங்குனி கடையிலும் சித்திரையிலும் வேம்பு பூக்கிறது. இந்த வேம்பு இரண்டு வீட்டுக்கும் பொதுவானது. உகாதியன்று கன்னட வீட்டில் பேவு பெல்ல. தெலுங்கு வீட்டில் உகாதிப் பச்சடி. சித்திரைப் பிறப்பன்று தமிழ் வீட்டில் வேப்பம்பூப் பச்சடி. பூ ஒன்று, வெல்லம் ஒன்று, நாள் மட்டும் இரண்டு. ஸங்கல்பம் சிசிரம் என்றாலும் மரம் பங்குனியிலேயே பூக்கத் தொடங்கிவிடுகிறது.

ஸ்ரீராமாயணம் காட்டும் பருவங்கள்

வால்மீகி பகவான் ருதுக்களால் காலத்தை அளப்பவர். வேள்வி முடிந்து ஆறு ருதுக்கள் கழிந்தபின், பன்னிரண்டாம் மாதமான சைத்ரத்தில், நவமி திதியில், புனர்பூசத்தில் பெருமாள் அவதரித்தார் என்று பாலகாண்டம் கூறுகிறது. ஐந்து கிரகங்கள் உச்சத்தில் இருந்தன என்பதற்குச் சூரியனையும் சேர்த்தே உரையாசிரியர்கள் கணக்கிடுவர். சூரியனுக்கு உச்சம் மேஷம். அப்படியாயின் அவதார நாளில் சாந்த்ர சைத்ரமும் சௌரச் சித்திரையும் ஒன்றாகவே இருந்தன. இரு கணக்கிலும் அது வஸந்தமே. 2024இல் ஏப்ரல் 17 அன்று ஸ்ரீராமநவமி சித்திரையில் வந்தபோது மாமனாரும் மாப்பிள்ளையும் ஒரே ருதுவைச் சொல்லியிருப்பார்கள். வேறுபாடு தோன்றியது மறு ஆண்டில்தான்.

கிஷ்கிந்தா காண்டத்தில், சுக்ரீவனுக்கு முடிசூட்டியபின் பெருமாள், இது மழைக்காலத்தின் முதல் மாதமான ச்ராவணம், மழையின் நான்கு மாதங்கள் தொடங்கிவிட்டன, கார்த்திகம் வந்தபின் முயல்வோம் என்கிறார். ச்ராவணம் வர்ஷ ருதுவின் முதல் மாதம் என்பது நம் கணக்கோடு ஒத்தது. ஆனால் வர்ஷம் இரண்டு மாதம் என்ற வகுப்பு ஒருபுறமிருக்க, மழை நான்கு மாதம் என்றும் அங்கேயே சொல்லப்படுகிறது. ருது என்பது வகுப்பு. மழை என்பது நிகழ்வு. இரண்டையும் ஒருசேரச் சொல்லுவதில் வால்மீகிக்கு இடர்ப்பாடு இல்லை.

ஆரண்ய காண்டத்தில் பஞ்சவடியில் ஹேமந்தம் பிறக்கிறது. கோதாவரிக்கு நீராடச் செல்லும் வழியில் இளையபெருமாள் அப்பருவத்தை வர்ணித்துக்கொண்டே வந்து, இந்தக் குளிரில் பரதாழ்வான் பின்னிரவிலே ஸரயுவில் நீராடுவானே என்று நினைக்கிறார். ஹேமந்தம் அவருக்குப் பனியாகத் தோன்றியதோடு நிற்கவில்லை. பிரிந்திருக்கும் ஒருவனின் நோன்பாகத் தோன்றியது. நம் திருப்பாவைக்கு முன்னோடி இங்கே இருக்கிறது. ஸ்ரீபாகவதத்தில் ஆய்ச்சியர் நோன்பும் ஹேமந்தத்தின் முதல் மாதத்தில் என்றே உள்ளது. மார்கழி ஹேமந்தத்தின் முதல் மாதம் என்பதில் இரு கணக்கினரும் உடன்படுகிறார்கள்.

ஆண்டாளின் பங்குனி

நாச்சியார் திருமொழியின் முதல் திருமொழி தையில் தொடங்குகிறது. தை முழுதும் தரையைத் தூய்மை செய்கிறாள். மாசியின் முன்னாள்களில் மணலால் தெருவை அலங்கரிக்கிறாள். பங்குனியில் நோன்பைத் திருந்த நோற்கிறாள். மூன்றாம் பாசுரத்தில் முருக்க மலர் வருகிறது. முருக்கு என்னும் சொல்லைப் பலாசத்துக்கும் கலியாண முருங்கைக்கும் வழங்குவர். இரண்டும் பின்பனியிலே செம்மலர் பூப்பவை. இரண்டாம் திருமொழியின் தொடக்கத்தில் ஆய்ச்சியர், பங்குனியைக் காமன் வருகின்ற காலம் என்றே குறிக்கிறார்கள்.

காமன் வஸந்தத்தின் தோழன். அவன் வரும் காலம் பங்குனி என்றால், வஸந்தத்தைப் பங்குனியிலேயே எதிர்கொள்ளுகிறார்கள் என்று பொருள். தமிழ் மாதக் கணக்கில் பங்குனி பின்பனிதான். நாச்சியார் அந்த மாதப் பெயரைத்தான் சொல்லுகிறாள். ஆனால் அதில் வஸந்தத்தின் வாயிலைத் திறந்து வைத்திருக்கிறாள். பெரியவர் நாவில் இருந்த மாதமும் மாப்பிள்ளை நாவில் இருந்த ருதுவும் இப்பாசுரத்தில் சேர்ந்தே இருக்கின்றன.

மேலும், அப்பிரபந்தம் பங்குனியோடு நிற்பதன்று. எட்டாம் திருமொழியில் மேகங்களைத் தூது விடுகிறாள். ஒன்பதாம் திருமொழியில் திருமாலிருஞ்சோலையில் இந்திரகோபங்கள் பரவுகின்றன. பத்தாம் திருமொழியில் கார்காலத்து மலர்களே அவளை வருத்துகின்றன. வேனிலில் வராதவன் காரிலும் வரவில்லை. ருதுக்கள் முறை தவறாமல் வந்தன; அவன்தான் வரவில்லை. பருவம் எப்போது தொடங்கும் என்னும் கேள்வி அவளுக்குப் பஞ்சாங்கக் கேள்வியன்று, உயிர்க் கேள்வி.

காலமயக்கு

நம்மாழ்வார் இதனை இன்னும் ஆழமாகக் காட்டியருளுகிறார். அகப்பொருளில் காலமயக்கு என்று ஒரு துறை உண்டு. கார் தொடங்குமுன் வருவேன் என்று சொல்லித் தலைவன் பிரிந்தான். கார் வந்துவிட்டது, அவன் வரவில்லை. தலைவி தரிக்கமாட்டாள் என்று கண்ட தோழி, இது கார் அன்று, வேறு ஏதோ என்று மயக்கிச் சொல்லுவாள். திருவிருத்தத்தின் ஏழாம் பாசுரமும் அறுபத்தெட்டாம் பாசுரமும் இத்துறையில் அமைந்தவை. முன்னதில் கரிய எருதுகள் பொரும் வானமோ இது, அன்றிப் பருவந்தானோ என்ற ஐயம். பின்னதில் கொன்றை இன்னும் முழுதும் மலரவில்லை என்ற ஆறுதல்.

தோழி பொய் சொல்லுகிறாளோ என்று கேட்கலாம். இங்கே ஆசார்ய ஹ்ருதயம் நமக்குத் துணை. ஆழ்வாருடைய நிலைகளில் எம்பெருமானோடு உள்ள ஸம்பந்தத்தை உணர்ந்த நிலைக்குத் தோழி என்றும், அவனே உபாயம் என்ற துணிவுக்குத் தாய் என்றும், பலத்தில் பதறும் நிலைக்கு மகள் என்றும் அழகியமணவாளப் பெருமாள் நாயனார் பெயரிட்டார். இதைக் கொண்டு பார்த்தால் தோழியின் வார்த்தைக்கு உள்ளுறை புலப்படும். மகள் மேகத்தைப் பார்க்கிறாள்: பருவம் வந்தது, ஆகவே அவன் தவறினான் என்கிறாள். தோழி உறவைப் பார்க்கிறாள்: அவன் தவறமாட்டான், ஆகவே பருவம் இன்னும் வரவில்லை என்கிறாள். இருவர் முன்பும் இருப்பது ஒரே வானம். எதை அடிப்படையாகக் கொண்டு காலத்தை அளக்கிறோம் என்பதில்தான் வேற்றுமை.

கீதையில் விபூதிகளை அருளிச்செய்யும்போது எம்பெருமான், மாதங்களில் தான் மார்கசீர்ஷம் என்றும் ருதுக்களில் மலர்களின் இருப்பிடமான பருவம் என்றும் சொன்னான். மார்கசீர்ஷம் ஹேமந்தத்தைச் சேர்ந்தது. மலர்ப் பருவமோ வஸந்தம். ஒரு ருதுவிலிருந்து மாதத்தையும் வேறொன்றிலிருந்து ருதுவையும் தனக்காக்கிக்கொண்டான். அந்த வஸந்தத்தை மாதத்தால் சொல்லாமல் மலரால் சொன்னதையும் நோக்கவேண்டும். பன்னிரு திருநாமங்களையும் மாதங்களோடு பொருத்திக் காண்பது வழக்கம். அங்கே கேசவன் மார்கழிக்கும் தாமோதரன் கார்த்திகைக்கும் உரியர். திருநாமங்களின் ஆண்டு உகாதியிலும் தொடங்கவில்லை, சித்திரையிலும் தொடங்கவில்லை, மார்கழியில் தொடங்குகிறது. தொடக்கங்கள் பல; எல்லாத் தொடக்கத்துக்கும் உரியவன் ஒருவன்.

அனுஷ்டானத்தில் கொள்ள வேண்டியவை

முதலாவது: ஒரே ஸங்கல்பத்தில் இரு கணக்கையும் கலக்கலாகாது. மீந மாஸம் என்று சொல்பவர் ஸம்வத்ஸரத்தையும் ருதுவையும் சௌரமானப்படியே சொல்லவேண்டும். சைத்ரம் என்று சொல்பவர் அனைத்தையும் சாந்த்ரமானப்படி சொல்லவேண்டும். மாதம் ஒன்றிலும் ருது மற்றொன்றிலும் எடுப்பதே பிழை.

இரண்டாவது: எந்தக் கணக்கு என்பது குலவழக்கும் ஆசார்யனும் காட்டியபடி. ஊர் மாறியதால் அது மாறாது. முன்னோர் திதியிலும் இவ்வாறே. இரு கணக்குக்கும் ஒரு மாதம் வரை வேறுபாடு நேரக்கூடும். ஆகையால் பெரியோரைக் கேட்டுக் குடும்ப வழக்கில் உறுதியாக நிற்கவேண்டும்.

மூன்றாவது: ஆழ்வார் ஆசார்யர்களின் திருநட்சத்திரங்கள் சௌர மாதத்தையும் நட்சத்திரத்தையும் கொண்டு வழங்குபவை. வைகாசி விசாகம், ஆடிப்பூரம், சித்திரைத் திருவாதிரை ஆகியவை அப்படியே. கன்னடநாட்டிலுள்ள திருநாராயணபுரத்திலும் தைப் புனர்பூசம் கொண்டாடப்படுகிறது. அவற்றை மாப்பிள்ளை வீட்டாரும் நம்மோடு சேர்ந்தே ஸேவிக்கலாம்.

நான்காவது: மற்றவர் கணக்கைத் திருத்தப் புகவேண்டா. ஸங்கல்பத்தில் ஸம்வத்ஸரமும் அயனமும் ருதுவும் நாம் நிற்கும் இடத்தைச் சொல்லும் சொற்கள். அதன் உயிரோ, பகவானின் ஆணையால் அவனுடைய உகப்புக்காக இதைச் செய்கிறேன் என்னும் பகுதி. அங்கே இருவர் சொல்லும் ஒன்றே.

இவ்வளவையும் கேட்ட பெரியவர் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, “அப்படியானால் அடியேன் சொன்ன சிசிரம் பிழையன்றே?” என்றார். “பிழையன்று, ஸ்வாமி. தேவரீர் திருத்தகப்பனார் சொன்னதைத்தானே தேவரீர் சொன்னீர்” என்றேன். அவர் கண்கள் கலங்கின. தகப்பனார் பரமபதித்தது ஒரு பங்குனியில் என்று அப்போதுதான் சொன்னார்.

மாலையில் மீண்டும் கோஷ்டி கூடிற்று. அவர் சிசிரம் என்றே சொன்னார். மாப்பிள்ளை வஸந்தம் என்றே சொன்னார். பெருமாள் ஒரே பானகத்தை அமுது செய்தருளினார்.

அடியேன்,
ராமாநுஜ தாஸன்